எனக்குப் பின்னாடி நானே

காலையில் நான்கு விரல் தாராளமாக நுழைந்த இடத்தில் இப்போது மூன்று விரல்தான் நுழைந்தது, அதுவும் திணறிக்கொண்டு. அவன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். முழங்காலுக்கும் முன்சீட்டின் முதுகுக்கும் நடுவே மூன்றே விரல். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பை போடலாம், கால் நீளமாகுமா என்று தன்னையே கேலி செய்துகொண்டான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

வீட்டு விலைக்கு விற்கிற செடான்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று வீடியோவில் சொல்வது அவன் பிழைப்பு. எந்தக் காராக இருந்தாலும் முதலில் டிரைவர் சீட்டைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து உட்காருவான். அப்புறம் இறங்கிப் போய் அதற்கு நேர் பின்சீட்டில் உட்காருவான். "இப்ப எனக்குப் பின்னாடி நானே உட்கார்றேன், பாருங்க" என்பான். தன்னைப்போல் ஒருவன் முன்னால் ஓட்டும்போது, தன்னைப்போல் இன்னொருவன் பின்னால் கால் நீட்ட முடியுமா என்று பார்க்கிற கணக்கு அது. "முன்னாடி இருக்கிற அண்ணனுக்கு ஒரு வணக்கம்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதிக் கலாய்க்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்று அதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. மகளுக்குப் பள்ளி விடுகிற வேளை நெருங்கிவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் அப்பா பாடு. அந்த அப்பா போன வாரம் முழுக்கத் தாமதம். பூட்டிய கேட்டுக்கு வெளியே பையைக் கட்டிக்கொண்டு அவள் தனியாக நின்றதைப் பார்த்தபோது அவனுக்கு ஈரக்குலை நடுங்கியது. அதை மறைக்க அவளிடமே எரிந்து விழுந்தான். இன்று காலையில் அவள் சண்டை போடவில்லை. "இன்னைக்காவது கேட் பூட்டுறதுக்கு முன்னாடி வந்துடுவியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை என்பது நாள் முழுக்க அவனை அரித்தது.

பாக்கி இருந்தது இந்த ஒரு காட்சிதான். காலையில் எடுத்தது மங்கலாகிவிட்டதென்று கேமராக்காரன் சொன்னதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மூக்குக்கண்ணாடியின் கனத்தால் அவனுக்கு சோடாபுட்டி என்று பேர். அவன் இப்போது பேட்டரி மாற்றுகிறேன் என்று நிலத்தடி பார்க்கிங்கின் அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் மெத்தனத்துக்கு முன்னால் ஆமை தோற்றது.

காரின் கதவு தானாக உள்ளே இழுத்துக்கொண்டு மூடியபோதே வெளியுலகம் அறுந்து போயிருந்தது. மேலே குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர், சரிவில் ஏறுகிற யாரோ ஒருவரின் டயர் கிறீச்சிடுவது, அடித்தளத்தின் காற்றாடிகள் ஓயாமல் உறுமுவது, எல்லாமே இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன, உள்ளே புதுத் தோலின் வாசனையும் தன் மூச்சும் மட்டும் இருந்தன. கொஞ்ச நேரம் போனதும் தோல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை தலைகாட்டியது. சவரம் செய்ததும் கன்னத்தில் தடவுகிற லோஷன். அவன் வழக்கமாகத் தடவுவது. முன்சீட்டிலிருந்து வந்தது.

அவன் தாடையைத் தடவிப் பார்த்தான். சொரசொரவென்று இருந்தது. அவசரத்தில் இன்று அவன் சவரமே செய்யவில்லை.

எட்டி முன்சீட்டைப் பார்த்தான். ஆள் இல்லை. ஆனால் உட்காருகிற இடத்தில் தோல் அமுங்கி இருந்தது. அவன் எழுந்து வந்து எவ்வளவோ நேரமாகியும் அது மேலெழும்பவில்லை. கையை நீட்டித் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் அது மெல்ல அசைந்து கொடுத்தது, ஒருவர் சாய்ந்து உட்கார இடம் பார்ப்பதுபோல.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

மோட்டார் மெதுவாக முனகியது. முன்சீட்டு பின்னால் நகர்ந்தது.

இரண்டு விரல்.

கதவின் பிடியை இழுத்தான். திறக்கவில்லை. மகள் உட்காரப் போகிறாளே என்று காலையில் அவனே பின்கதவுகளுக்குக் குழந்தைப் பூட்டு போட்டு வைத்திருந்தான், உள்ளேயிருந்து திறக்காது. முன்பக்கம் தாவலாமென்று எழும்பினான். மறுபடி அந்த முனகல். சீட்டின் முதுகு வந்து முழங்கால்களை அழுத்திப் பிடித்தது. வலித்தது. கால்களை உருவ முடியவில்லை.

ஒருவழியாக சோடாபுட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்பாடா என்றிருந்தது. உள்ளேயிருந்து ஜன்னலைத் தட்டினான், இரண்டு கைகளாலும். சோடாபுட்டி பின்ஜன்னலுக்கு வரவில்லை. டிரைவர் பக்கம் போய்க் குனிந்தான். கண்ணாடி இறங்கியது. காற்றாடிகளின் உறுமல் உள்ளே வந்தது.

"அண்ணா, பேட்டரி போட்டாச்சு. எடுத்துடலாமா?"

"வேண்டாம்டா. பாப்பாவைக் கூப்பிடப் போகணும். நீ வீட்டுக்குக் கிளம்பு."

அவனுடைய குரல். வீட்டில் பேசுகிற குரல் அல்ல, வீடியோவில் பேசுவானே, அந்த நிதானமான, இனிப்பான குரல்.

"என்னண்ணா அதிசயமா இருக்கு. இந்நேரம் வள்ளுன்னு விழுந்திருப்பீங்களே" என்று சிரித்த சோடாபுட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பின்சீட்டைப் பார்த்தான். "பின்னாடி யாருண்ணா?"

"வண்டி வாங்கப் போறவர். இடம் போதுமான்னு உட்காந்து பாக்குறார்."

சோடா என்று கூப்பிட வாயைத் திறந்தான். தொண்டையில் காற்றுதான் வந்தது. இருந்த ஒரே குரல் முன்சீட்டில் இருந்தது.

எத்தனையோ வருஷம் அவனுடைய தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட பையன், அவன் முகத்தை நேராகப் பார்த்து, மரியாதையாகத் தலையை ஆட்டினான். "வணக்கம் சார்" என்றான். கண்ணாடி ஏறியது.

கார் கிளம்பியதே தெரியவில்லை. சரிவில் ஏறியது. வெளியே வெளிச்சம் குபுகுபுவென்று உள்ளே வந்தபோது முன்சீட்டில் பிடரி தெரிந்தது. வீடியோக்களில் அவன் பார்த்துப் பார்த்துச் சலித்த பிடரி. அப்போதுதான் முடி வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

அவனாக இருந்தால் இந்நேரம் ஹாரனை அமுக்கி, முன்னால் போகிற ஸ்கூட்டரை வாயில் வந்தபடி திட்டி, மஞ்சள் விளக்கில் பாய்ந்திருப்பான். அது அப்படி எதுவும் செய்யவில்லை. எல்லோருக்கும் வழி விட்டது. கிழவர் ஒருவர் சாலையைக் கடக்கும் வரை பொறுமையாக நின்றது. எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். சீட்டைக் குத்தினான். கண்ணாடியைக் குத்தினான். வேண்டாம், அங்கே மட்டும் போகாதே என்று காற்றாகக் கத்தினான். வலப்பக்கம் திரும்பியது. மருந்துக்கடை. பேருந்து நிறுத்தம். பள்ளியின் சுவர்.

கேட் அகலத் திறந்திருந்தது.

மணி அடித்ததும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான். டிரைவர் ஜன்னலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவன் அவளிடம் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. அந்தப் பக்கத்துப் பின்கதவு திறந்தது. வெயில் வாசனையோடும் பென்சில் வாசனையோடும் ஏறினாள்.

"அப்பா, இன்னைக்கு நீதான் ஃபர்ஸ்ட்."

"பின்னே, சொன்னா வரமாட்டேனா?"

கதவு தானாக உள்ளே இழுத்துக்கொண்டு மூடியது.

அப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். குட்டி. நான்தான்டா. உதடு அசைந்தது. சத்தமில்லை. அவள் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். நகர்ந்தாள். கதவோடு ஒட்டிக்கொண்டாள். தெரியாத ஆளைப் பார்க்கிற கண்.

"அப்பா." மிகவும் சின்னக் குரல். "எனக்கு இவரைப் பாத்தா பயமா இருக்கு."

"பயப்படாதடா. போற வழியில எறக்கி விட்டுடலாம்."

அவன் அழுதான். அவள் இன்னும் ஒடுங்கினாள்.

இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவிலிருந்து ஒரு கை பின்னால் வந்தது. அவளுக்கு மட்டும் நீண்டது. அவனுடைய கடிகாரம், அவனுடைய மோதிரம். அவள் அதை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்து, கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். பயம் தெளிந்தது.

கார் நகர்ந்தது. அந்தக் கை இன்னும் அவள் கன்னத்தில் இருந்தது. முன்னால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இரண்டு கைகளும் அப்படியே இருந்தன.