பதினேழாவது வகை

அந்தப் பவளத்துக்கு மணிமாறன் மனசுக்குள் போட்ட விலை நாலாயிரத்து முந்நூறு, வண்டிக்கூலி சேர்த்து. "ஆராய்ச்சிக்குன்னு அனுமதி வாங்கிக் கடல்லருந்து உசுரோட கொண்டாந்ததுங்க. இதுக்கெல்லாம் வெலை கெடையாது" என்று சொல்லிவிட்டாள் தேவிப்ரியா. நாமக்கல்லில் இருபது வருடமாகக் கோழி மருந்து விற்கிறவனிடம், அவன் மனைவியே இப்படிச் சொன்னால் எப்படி?

அதெல்லாம் போன மாதம். இப்போது அவனுடைய காப்பி உப்புக் கரித்தது.

"உப்பப் போட்டுட்டியா, பிரியா?"

"இல்லீங்களே. நானும் இதையேதான குடிக்கறேன்."

மூன்று நாளாக இப்படித்தான். அவன் டம்ளரில் மட்டும்.

தேவிப்ரியா கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை. கல்லூரியில் கரண்ட் நிலையில்லை, வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு என்பதால் பவளத் தொட்டி மாடியறைக்கு வந்தது. பவளத்தைக் கொஞ்சியிருந்தால்கூட மணிமாறன் பொறுத்திருப்பான். பார்க்க லட்சணமாகவாவது இருந்தது. அவள் கொஞ்சியது அதன் மேல் வழவழவென்று படிந்த கோழையில் குடியிருந்த கிருமிகளை. மொத்தம் பதினேழு வகை. தினமும் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து, கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, நோட்டில் குறித்துக்கொள்வாள். "சாப்டீங்களா சாமி?" என்று தொட்டியைக் கேட்பாள். பதினேழுக்கும் எவ்வளவு சூடு ஆகும், எவ்வளவு உப்பு ஆகும் என்பது அவளுக்கு மனப்பாடம். புருஷனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் விழிப்பாள்.

"கிருமிதானுங்க மொதல்ல போய்ப் படியும். அது படிஞ்ச எடமாப் பாத்துத்தான் பவளக்குஞ்சு வந்து ஒட்டும்" என்று ஒருமுறை விளக்கினாள்.

"வீடு பாத்துக் குடுக்கற புரோக்கராட்டம்" என்றான். அவள் சிரிக்கவில்லை.

போன ஞாயிறன்று அவள் ஓமலூருக்குச் சீமந்தத்துக்குப் போனாள். அவன் கடையிலிருந்து ஒரு கிருமி மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினான். சளி பிடித்த ஆயிரம் கோழிக்கு என்ன அளவோ அதே அளவு. கிருமி செத்தால் கோழி பிழைக்கும். அவன் வியாபாரமே அதுதான். பவளமும் பிழைக்கும், கிருமி மட்டும் போகும், மனைவி மிச்சமாவாள். முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினான். பவளம் தன் கோழை முழுவதையும் நூல் நூலாகக் கழற்றி விட்டது. நூல்கள் தண்ணீரில் கொஞ்சம் தயங்கி, பிறகு அவன் கையைச் சுற்றிக்கொண்டன.

மறுநாள் பவளம் எலும்பு வெளுப்பில் நின்றது. தேவிப்ரியா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தீர்த்திருக்கலாம்.

"தண்ணிக்குள்ள கையைப் போட்டீங்களா?"

"இல்லையே."

அவள் அவனையே பார்த்தாள்.

அதன் பிறகுதான் உப்பு. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, முழங்கையில் மறுபடியும் மறுபடியும் வழுக்கலாக ஊறிவந்த ஒரு பசை. கடையில் தீவன மூட்டைகளின் புளிப்பையும் மருந்து நெடியையும் மீறி, தன் சட்டைக்குள்ளிருந்தே எழுந்த கடற்கரை ஈரக்கல் வாசனை. பண்ணைக்காரர் செங்கோடன் மூக்கைச் சுளித்தார். "ஏப்பா மணி, கருவாட்டு ஏஜென்சியும் எடுத்துட்டியா?"

காதுக்குள் பொரி வெடிப்பதுபோல ஒரு சன்னமான சத்தம் வேறு. தொட்டி மோட்டார்தான் என்று மாடிக்குப் போய் அணைத்தான். சத்தம் நிற்கவில்லை.

அன்று அந்தி சாயும்போது மாடியிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, கொஞ்சம் வாங்க."

நீல விளக்கடியில் நாற்காலி போட்டிருந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அவன் கையைப் பிடித்து மூன்று வருடம் இருக்கும். அவன் நாற்காலியில் அவள் பக்கமாகச் சாய்ந்தான். பிறகுதான் கவனித்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல. முழங்கைக்கு மேலே ஒரு விரற்கடை இடத்தை.

"சாப்டீங்களா சாமி?" என்றாள், அந்த இடத்திடம்.

தன் கை மீதே அவனுக்குப் பொறாமை வந்தது.

"நேத்து நீங்க தூங்கறப்ப ஒத்தியெடுத்தனுங்க." மேஜையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. மஞ்சள், ஆரஞ்சு, பால்வெள்ளை. ஒவ்வொன்றிலும் எண். "தொட்டில இருந்தது பதினேழு. உங்க மேல பதினாறு வந்திருக்குது. ஒண்ணைத்தான் காணோம்."

எழ முயன்றான். கால் நகரவில்லை.

"ஆ காட்டுங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. எதிரே தொட்டிக் கண்ணாடி. அதில் அவன் முகம். திறந்த வாய். நாக்கின் அடியில் பூக்கள். கடுகளவு. நூற்றுக்கணக்கில். நீல வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக விரிந்தன. மூச்சு விட்டான். எல்லாம் சுருங்கின. மறுபடி விரிந்தன.

"மூச்ச மெதுவா விடுங்க. பயப்படுதுங்க."

பஞ்சுக்குச்சி உள்ளே போனது. தடவியது. வெளியே வந்தது. அவள் நோட்டைத் திருப்பினாள்.

போனது பதினேழு.

வந்தது பதினேழு.