நாலாம் கட்டிலின் மூச்சு

மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் தங்கை, அக்கா நர்ஸாக வேலை பார்க்கும் அந்த வார்டுக்குள் நுழைந்தாள். ஆறு கட்டில், ஐந்து நோயாளிகள், மூக்கைத் துளைக்கும் பினாயில் வாடை. ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு குட்டி மைக் இருந்தது. மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்து, அது நின்றால் மணியடிக்க ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கி வைத்திருந்தார்கள்.

பத்து நாளைக்கு முன் நாலாம் கட்டில் தையல்காரர் இறந்தபோது அந்த மணி அடிக்கவில்லை. நர்ஸ்தான் அணைத்துவிட்டுக் கண்ணசந்திருப்பாள் என்று பழி அக்கா தலையில் விழுந்தது. நாளை விசாரணை. வேலை போய்விடும். அதுவரை மணியின் வயரைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டார்கள்.

"சத்தியமா நான் மணியைத் தொடலடி," என்றாள் அக்கா.

தங்கைக்குக் கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது. கம்ப்யூட்டருக்குப் பழக்கியதை ஒரு ஃபைலில் சேமித்துவிட்டால், எப்போது திரும்ப ஏற்றினாலும் கற்றதெல்லாம் அப்படியே வந்துவிடும். யாரோ தப்பான ஃபைலை ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கமுக்கமாக இருக்கிறார்கள். அவள் சந்தேகம் அதுதான்.

திரையைத் திறந்தாள். ஆளில்லாத கட்டிலுக்கு நேரே எழுதியிருந்தது:

நாலாம் கட்டில்: மூச்சு இருக்கிறது.

"பார்த்தியாக்கா, லூசு மெஷின்!"

போன மாதம் சேமித்த ஃபைலை ஏற்றினாள். மூச்சு இருக்கிறது. அதற்கும் முந்தையது. மூச்சு இருக்கிறது. கடைசியில் ஒன்று மிஞ்சியது, பழக்க ஆரம்பிக்கும் முன்பே சேமித்த ஃபைல். அது ஒன்றுமே கற்காத பச்சைப்பிள்ளை. வாய்க்கு வந்ததை உளறத்தான் தெரியும்.

மற்ற ஐந்து கட்டில்களுக்கும் உளறவே செய்தது. இருக்கிறது, நின்றது, திணறுகிறது, நின்றது, இருக்கிறது.

நாலாம் கட்டிலுக்கு மட்டும் உளறவில்லை. மூச்சு இருக்கிறது.

அந்தக் கட்டிலின் மைக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். வரி மாறவில்லை.  பயத்தைவிட அக்கா தப்பித்தாள் என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது.

"தப்பு மெஷின் மேலதான். நாளைக்கு இதையே காட்டிடலாம். ஆமா, அவரு போயிட்டாருன்னு யாரு பார்த்துச் சொன்னது?"

"நான்தான் நாடி பார்த்தேன்."

"டாக்டர்?"

"கதவுகிட்ட நின்னே கையெழுத்துப் போட்டாரு." அக்காவின் குரல் இறங்கியது. "கை சில்லுனு இருந்துச்சு. ஒரு நிமிஷம் முழுசாக்கூடப் பார்க்கலடி. சாயங்காலமே புதைச்சிட்டாங்க."

தங்கை திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

மெஷின் பொய் சொல்லவில்லையோ?

பினாயில் வாடைக்கு நடுவே ஈரமண் வாடை வந்தது.

நாலாம் கட்டில்: மூச்சு திணறுகிறது.

"அணைச்சிடு," அக்கா கிசுகிசுத்தாள். "அணைச்சிடுடி."

தங்கையின் விரல் அசையவில்லை.

நாலாம் கட்டில்: மூச்சு நின்றது.

மணி அடித்தது. வார்டே அதிர்ந்தது. ஐந்து நோயாளிகளும் எழுந்து உட்கார்ந்து காலிக் கட்டிலையே பார்த்தார்கள்.

அக்கா ஓடிப்போய் டிராயரை இழுத்தாள். வயர் சுருட்டியபடி உள்ளேயேதான் கிடந்தது.

மணி நிற்கவில்லை.