மூன்றே நாளில் இறங்கிய எண்

"சார், சாயங்காலத்துக்குள்ள என் வேலை போயிடும்." லேப் டெக்னீஷியன் இரண்டு ரிப்போர்ட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

எதிரில் இருந்தவர் ஓய்வுபெற்ற ரத்தப் பரிசோதனை டாக்டர். லேபில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஒரே மைக்ரோஸ்கோப்புக்காக இருவரும் முட்டிமோதிய அந்த நாட்கள் திரும்பி வராதா என்று அவள் ஏங்காத நாளில்லை.

விஷயம் இதுதான். மூட்டுவாதக்காரரான தட்டச்சு வாத்தியார் திங்களன்று ரத்தம் கொடுத்தார். உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அறுபது. வியாழனன்று பன்னிரண்டு. சிகிச்சையே ஆரம்பிக்கவில்லை. அவள் ரத்தம் பிடித்த குழாயை மாற்றிவிட்டாள் என்று முதலாளி குதிக்கிறார்.

"குழாய் இல்ல சார், ஆளே மாறிட்டார்!" கூட வந்த ரிசப்ஷனிஸ்ட் துள்ளினாள். "ரிஜிஸ்டர்ல அவர் போட்ட கையெழுத்தைப் பாருங்க. திங்கக்கிழமை கோழி கிளறின மாதிரி. வியாழக்கிழமை முத்து முத்தா!"

டாக்டர் டெக்னீஷியனைப் பார்த்தார். "நீ என்ன பார்த்தே?"

"வியாழக்கிழமை அவர் விரல் நுனியில கறுப்பு மை. துடைச்சும் போகல. வீசிங்ல மூச்சு வாங்கிட்டிருந்த அவர் சம்சாரம், மாத்திரை குறையுதுன்னு பையையே கொட்டித் தேடினாங்க."

"இ.எஸ்.ஆர்.?"

"எழுபத்தஞ்சு. அப்புறம் எழுபது."

"அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடு."

தம்பதி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் நிதானமாகத் தொடங்கினார். "வேற ஆள் ரத்தமா இருந்தா ரெண்டு எண்ணும் மாறியிருக்கும். சி.ஆர்.பி. மூணே நாள்ல சரியும். இ.எஸ்.ஆரும் அழற்சியைக் காட்டறதுதான், ஆனா அது இறங்க வாரக்கணக்காகும். அதனால ரத்தம் இவரோடதுதான். சாதாரண வலி மாத்திரை இவ்வளவு இறக்காது, ஸ்டீராய்டு இறக்கும். வீசிங்குக்கு அம்மா சாப்பிடறதும் அதுதான். விரல் வளைஞ்சதாலதான் கையெழுத்தும் திருந்திச்சு. வாத்தியார் நேரா டைப்ரைட்டர்கிட்ட போனார்னு அந்த ரிப்பன் மை சொல்லுது."

வாத்தியார் கூனிக்குறுகி, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். "இவ என்கிட்ட டைப்பிங் கத்துக்கிட்ட மெஷின் சார். கல்யாண நாளுக்கு அதுலயே ஒரு கடுதாசி அடிக்க ஆசை."

"இனிமே சொந்த வைத்தியம் கூடாது. உங்க டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க," என்ற பூதக்கண்ணாடி முதலாளிக்குப் போன் போட்டார். "நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா," என்று மறுமுனையில் அசடு வழிந்த முதலாளியின் குரலைக் கேட்டதும் டெக்னீஷியன் அழுதே விட்டாள்.

வாத்தியாரின் மனைவி தாளைத் திருப்பிப் பார்த்தார். "பாதியிலயே நிக்குதே?"

"மூணு மாத்திரைக்கு விரல் அவ்வளவுதான் வளைஞ்சுது. மேல எடுத்தா உனக்குக் குறையுமே."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வாங்க. மீதியை நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."