உயிரோடிருந்தவளுக்கு ஒரு விரதம்

"அடுப்பை மூட்டு எண்டு சொல்லுறன்..."

"மூட்டமாட்டன்! இண்டைக்குக் கஞ்சியும் இல்லை, படையலும் இல்லை..."

"சித்திராப் பறுவமும் அதுவுமாய் விடியக்காத்தாலை என்ன கதை கதைக்கிறாய்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்! தாய் செத்த பிள்ளையள் பிடிக்கிற விரதத்தை, தாய் உயிரோடை இருக்கிற பிள்ளை ஏன் பிடிக்கவேணும்?"

தில்லைநாதன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

பத்மாசினி அவனுக்கு இரண்டாந்தாரமாய் வல்வெட்டித்துறைக்கு வந்தபோது கமலாவதிக்கு மூன்று வயது. நாகபட்டினத்தில் மூத்தாள் இரத்தினம்மா வாந்திபேதியில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் அவன் குழந்தையைத் தோணியில் கொண்டு வந்திருந்தான். பத்மாசினியின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பிள்ளையே அவளுக்கு எல்லாமாயிற்று. வருஷா வருஷம் சித்திரைப் பூரணையன்று பிள்ளையை முழுகவார்த்து, வாழையிலைக்கு முன்னால் இருத்தி, "அம்மா, சாப்பிடுங்கோ எண்டு சொல்லு குஞ்சு" என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்!

"ஆர் உனக்குச் சொன்னது?"

"தண்டையல் முத்துக்குமாரு அண்ணை. நேற்றுத்தான் அவர் ஓட்டுற தோணி கரைக்கு வந்தது. அந்த மனிசி அங்கை எங்கடை ஊர்த் தோணி ஒவ்வொண்டையும் மறிச்சு, 'என் பொண்ணு இப்ப என்ன உயரம் இருப்பா?' எண்டு கேக்கிறாவாம். அரசாங்கக் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கினவவாம். கடலுக்கு அங்காலை போன பிள்ளைக்குத் தாங்கள் என்ன செய்யிறது எண்டு எல்லாரும் கையை விரிச்சுப்போட்டினமாம்..."

"அவளின்ரை தேப்பன் என்னை வேலைக்காரன் மாதிரி நடத்தினான்! கோயிலுக்கெண்டு சொல்லித் தூக்கிக்கொண்டு வந்திட்டன். என்ரை பிள்ளை!"

"அவவின்ரை பிள்ளையும்தானே? கொண்டுபோய் விடவேணும்."

"பெத்தவளெண்டால் இப்பிடிச் சொல்லுவியோ? மலடிக்கு என்ன தெரியும்!"



"ஓம்... நான் பெறேல்லை. எனக்கே இப்பிடி வலிக்குதெண்டால்..."

"ஊர் என்ன சொல்லும் தெரியுமோ? சித்தி துரத்திப்போட்டாள் எண்டுதான் சொல்லும்!"

"சொல்லட்டும். நீங்கள் பொய் சொன்னதெண்டு நான் ஆருக்கும் வாய் திறக்கமாட்டன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு அடுப்படியில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

"பிள்ளை விரதமிருக்கிற ஒவ்வொரு வருஷமும் எனக்கு நெஞ்சு பதறும்... சொன்னதைத் திருப்பி எடுக்க வழி தெரியேல்லை, பத்மா."

அவள் அவனுடைய தலையைத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

ஊர் சொல்லத்தான் செய்தது. மைத்துனி குணலட்சுமி வேலிக்கு மேலாலேயே, "தனக்கொண்டு வரப்போகுதாக்கும், அதுதான் மூத்தாளின்ரையைக் கழிக்கிறா!" என்றாள். பத்மாசினி பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

தோணியை வடக்கே தள்ளும் சோளகக் காற்று எழும்பியது. தில்லைநாதனே மகளைத் தூக்கி முத்துக்குமாருவின் தோணியில் வைத்தான். "நான் எந்த முகத்தோடை வாறது? நீ போட்டு வா" என்றான்.

நடுக்கடலில் பத்மாசினி பிள்ளையிடம் தாய் உயிரோடு இருப்பதைச் சொன்னாள். கமலாவதி விரல்களை மடித்து எதையோ எண்ணினாள்.

"அப்ப நான் படைச்ச சோறெல்லாம் ஆர் சாப்பிட்டது?"

"காகம்தான், குஞ்சு."

நாகபட்டினக் கரையில் இரத்தினம்மா நின்றாள். முப்பது வயதுக்குள்ளேயே தலை பாதி நரைத்திருந்தது. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கப் பயந்தவளாய், முதலில் அவளுடைய உச்சந்தலையில் கையை வைத்து, அந்த உயரத்தைத் தன் நெஞ்சோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கமலாவதி பத்மாசினியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தபடியே கெஞ்சினாள்.

"வாங்கோ அம்மா, வீட்டை போவம்..."

இரத்தினம்மா பத்மாசினியின் காலில் விழப்போனாள். இவள் தடுத்து, அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

"காலிலை விழாதையும், தங்கச்சி... இரவிலை முதுகைத் தடவிவிட்டால்தான் நித்திரை கொள்ளுவாள். மீனுக்கு முள்ளுப் பாத்துக் குடும். புளி கூடினால் தொடமாட்டாள்..."

சேலையைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி, தாயின் கைக்குள் வைத்தாள். பிள்ளை வீரிட்டது. பத்மாசினி திரும்பிப் பாராமல் தோணியை நோக்கி நடந்தாள்.

பின்னால் இரத்தினம்மாவின் குரல் கேட்டது.

"அக்கா... உங்களைக் கேட்டு அழுதாள்னா, நான் என்னன்னு சொல்லட்டும்?"