முத்திரை உடையாத உறை

காலை 10.20. விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் நர்ஸின் கண்ணெதிரே முத்திரையிட்ட உறையின் ஓரத்தை வெட்டிப் பிரித்தார்கள். ஒரு வளையலைக் கையில் எடுத்ததுமே அவள் முகம் வெளிறிப்போனது.

"இது எங்க அக்காவோடது இல்லை. பித்தளை."

ஐந்து வாரங்களுக்கு முன், வலது கையில் மாவுக்கட்டோடு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவள் அவள். அக்காவும் தங்கையும் அங்கே ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். பஸ் விபத்தில் அக்கா போய்விட்டாள்; தங்கை உயிர் தப்பினாள். அக்காவின் ஆறு தங்க வளையல்கள், ஊரில் இருக்கும் அக்கா மகளுக்குச் சேரவேண்டியவை. அவள் எதையும் ஒளிக்கவில்லை. தானாகவே எடுத்துக் காட்டி, படிவத்தையும் வேறொருவரைக் கொண்டு நிரப்பிக் கொடுத்தாள். அப்படியும் சோதனை அதிகாரி, "வாங்கின பில்லைக் காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று பிடித்து வைத்துக்கொண்டார். பில்லைத் தேடிப் பிடிக்க ஐந்து வாரம் ஆயிற்று.

"அரக்கு முத்திரை உடையலையே," என்றார் சோதனை அதிகாரி. "அப்போ நீங்க கொண்டு வந்ததே பித்தளையா இருக்கும். பொய்யா எழுதிக் குடுத்ததுக்குக் கேஸ் ஆகும்மா."

"சொல்லாம கொண்டு வந்திருந்தா கேஸ் போடுங்க. நான் சொல்லிட்டுத்தானே கொண்டு வந்தேன்? மேலிடத்துக்குத் தகவல் சொல்லுங்க. அதுவரைக்கும் உறையை யாரும் தொடக்கூடாது." அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

11.45. கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். முதல் வேலையாக நர்ஸுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். பிறகு சோதனை அதிகாரியிடம் திரும்பினார்.

"உறை உங்ககிட்ட எவ்வளவு நேரம் இருந்தது?"

"பத்து நிமிஷம் மேடம். அவங்க முன்னாடியே ஒட்டி, மேல கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட் நகலைச் சேர்த்துக் கிடங்குக்கு அனுப்பிட்டேன்."

"அவங்க கையெழுத்து இருக்கிற ரசீதோட அடிக்கட்டை?"

"என் மேஜைல. பூட்டித்தான் இருக்கு."

அடுத்து கிடங்குப் பொறுப்பாளர்.

"இந்தம்மாவை முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"இன்னிக்குத்தாங்க பார்க்கிறேன். பெட்டகச் சாவி என்கிட்ட இருக்கிறது உண்மை. ஆனா முத்திரை அப்படியே இருக்கு, பாருங்க."

"அரக்கும் அச்சும் இந்த ஆபீஸ்லயே இருக்கு. முத்திரையை யார் வேணும்னாலும் வைக்கலாம்."

மதியம் 12.30. பூதக்கண்ணாடி நர்ஸின் ரசீதை வாங்கி, உறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு கையெழுத்தும் ஒரே நாள், ஒரே மேஜைல போட்டது. ரசீதுல கோழி கிளறின மாதிரி இருக்கு. உறைல முத்து முத்தா இருக்கு. எப்படிம்மா?"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "அன்னிக்கு வலது கை கட்டுல இருந்தது மேடம். ரெண்டையும் இடது கையாலதான் போட்டேன். உறைல இருக்கிறது நான் போட்டதில்லை."

"ஆமா. இது உங்க பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டது. பழைய உறையைக் கிழிச்சிட்டு, புது உறைல பித்தளையை வச்சு ஒட்டியிருக்காங்க. கிறுக்கலா இருந்த பழைய கையெழுத்து அவசரத்துல போட்டதுன்னு நினைச்சு, பாஸ்போர்ட்ல இருக்கிறதைப் போட்டாதான் நம்புவாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க. மாவுக்கட்டைக் கண்ணால பார்த்த அதிகாரி இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார். ரசீது அடிக்கட்டையும் அவர்கிட்டயே இருந்தது. பாஸ்போர்ட் நகலை மட்டும் வச்சுக்கிட்டு, உங்களைப் பார்க்காமலே இருந்தவர் ஒருத்தர்தான்."

கிடங்குப் பொறுப்பாளர் தன் அலமாரிச் சாவியை மேஜையில் வைத்தார்.

அலமாரியில் ஐந்து வளையல்கள் இருந்தன. ஆறாவதை ஏற்கெனவே விற்றுவிட்டார்.

நர்ஸ் ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சோதனை அதிகாரி அருகில் வந்து நின்றார்.

"போட்டுப் பழகின நகை. மறைக்காம காட்டினீங்க. நான் பிடிச்சு வச்சதே தப்பும்மா. மன்னிச்சிடுங்க."

"அதை எழுத்துல குடுங்க சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆறாவது வளையலுக்கு?"

"அது துறையோட பொறுப்பு," என்றார் பூதக்கண்ணாடி. "நஷ்ட ஈடு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. மனு எழுதுங்க, நான் சாட்சி சொல்றேன்."

நர்ஸ் வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி மேஜைமேல் நேராக வைத்தாள். 'ஐயா, காலமான என் அக்காவின் வளையல்கள் ஆறு' என்று எழுதத் தொடங்கினாள்.