காதுக்குப் பின்னால் ஒருத்தி

காதுக்குப் பின்னால் மணி அடித்தபோது செல்சியா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை அப்படியே போட்டுவிட்டு, கையை நைட்டியில் துடைத்தபடி ஓடிப்போய் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூடியதும் தூத்துக்குடி மறைந்துபோனது. துறைமுகக் குடியிருப்பும் வெயிலும் போய்விட்டன. கடலுக்கு அடியில் ஒரு கண்ணாடி வகுப்பறை வந்தது. அதன் கூரைக்கு மேலே திருக்கை ஒன்று சோம்பலாக நீந்திப் போனது. பேராசிரியர் வருகை எடுத்தார். "கோகிலவாணி" என்றார். "உள்ளேன் ஐயா" என்று செல்சியாவின் தொண்டைக்கு மிக அருகிலிருந்து வேறொருத்தி சொன்னாள். தினமும் அந்த இடத்தில் செல்சியாவுக்கு அடிவயிறு சுருங்கும். அது, தான் சொல்லியிருக்க வேண்டிய 'உள்ளேன்' என்று நினைப்பாள்.

ஆழிக் கல்லூரியில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் கட்டிய அந்தக் கல்லூரிக்காக நாடு முழுக்க முட்டி மோதுகிறது. இடம் கிடைத்தவர்கள் ஆழூர்தியில் ஏறிக் கடலுக்குள் போய்விடுகிறார்கள். கிடைக்காதவர்கள் நாலு நாள் அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் திரிசங்கு மாதிரி ஒரு கூட்டம் தொங்குகிறது. அவர்களுக்குக் காத்திருப்போர் என்று பெயர்.

காத்திருப்போருக்காகக் கல்லூரியே கண்டுபிடித்த கருவிதான் உடனுணர்வி. ஊரில் அதை ஒட்டி என்பார்கள். மிளகு அளவுதான் இருக்கும். படிக்கிறவர் காதுக்குப் பின்னால் ஒன்று, அதற்கு இணையாகக் காத்திருப்பவர் காதுக்குப் பின்னால் ஒன்று. படிக்கிறவர் வகுப்பில் பார்ப்பதும் கேட்பதும் காத்திருப்பவருக்கும் வந்துவிடும். படிக்கிறவர் தேர்வில் தவறினாலோ, விட்டுவிட்டுப் போனாலோ, அந்த இடம் அவருடைய இணைக்குக் கிடைக்கும். பாடமும் விட்டுப்போயிருக்காது. அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கே எதுவும் போகாது என்று ஒட்டி வைத்த அதிகாரி செல்சியாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். என்ன தயாள குணம் என்று பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின.

நம் ஆட்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? காத்திருப்பதையே ஒரு பட்டமாக்கிவிட்டார்கள். கல்யாண விளம்பரத்தில் 'ஆழிக் கல்லூரி காத்திருப்பு' என்று போட்டுக்கொண்டார்கள். செல்சியாவின் பெயரை மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாமியார் வாசித்தார். அழைப்பு வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பதால், காத்திருப்போர் வீடுகளில் வாசல் பக்கம் ஒரு பெட்டி கட்டித் தயாராக நிற்கும். சனிக்கிழமைதோறும் துணிகளை வெளியே எடுத்து வெயில் காட்டி, மறுபடி மடித்து அடுக்குவார்கள். செல்சியாவின் அம்மா ரோஸ்லினும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். முதலில் பெருமையாகச் செய்தாள். போகப் போக, மகளின் துணியை மடிக்கும்போது அவளுக்கு ஒரு பெருமூச்சு வர ஆரம்பித்தது.

செல்சியாவுக்குக் கடல் என்றால் உயிர். அப்பா துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுகிறவர். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்த உயரத்திலிருந்து தண்ணீரைப் பார்த்தவள், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தினாள். நேர்முகத்தில், ஏன் இங்கே படிக்க வேண்டும் என்று கேட்டபோது பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதேவிட்டாள். எதிரே இருந்த அம்மையார் கைக்குட்டை கொடுத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அழுதுதான் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று செல்சியா இன்றுவரை தன்னையே நொந்துகொள்கிறாள்.

இப்போது ஒரு நெருக்கடி வந்திருந்தது. ஊரிலுள்ள அரசுக் கல்லூரியில் கப்பல் இயந்திரப் படிப்புக்கு அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். சேர்ந்தால் ஒட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அம்மா சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏட்டி, நெசமாக் கெடைச்ச இடத்த விட்டுட்டு, எவளோ ஒருத்தி படிக்கிறதப் பாத்துட்டு உக்காந்திருக்கியே. உனக்கே இது நல்லாருக்கா?"

நன்றாக இல்லைதான். ஆனால் ஆழூர்தி துறைமுகத்தைவிட்டு நீருக்குள் இறங்குவதைப் பால்கனியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சை யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. அதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

அந்த வாரம்தான் அது நடந்தது. பவளப்பாறை வகுப்பில் கோகிலவாணி குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கையைச் செல்சியாவுக்குத் தன் கையைப்போலத் தெரியும். முகம்தான் தெரியாது, வகுப்பில் ஏது முகம் பார்க்கும் கண்ணாடி? எழுதிக்கொண்டிருந்த கை திடீரென்று நோட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, பொடி எழுத்தில் வேறெதையோ எழுதியது. 'பின்னாடி இருக்கறவங்களுக்கு: சனிக்கிழமை லீவு. சாயங்காலம் தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் பக்கத்துல மக்ரூன் கடைக்கு வர்றேன். நீங்களும் வாங்க.'

செல்சியா கண்ணைத் திறந்துவிட்டாள். யாரோ தன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டதுபோல அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

சனிக்கிழமை கடையில் கூட்டம் நெரிந்தது. செல்சியா முகங்களை விட்டுவிட்டுக் கைகளையே பார்த்துக்கொண்டு போனாள். ஓரத்து மேசையில் பச்சை வளையல் போட்ட கை, ஒரு மக்ரூனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தது. அந்தக் கைக்கு மேலே இருந்தது பயந்த கண்களும் வட்ட முகமுமாக ஒரு பெண். செல்சியா எதிரே போய் உட்கார்ந்ததும் அவள் சட்டென்று எழுந்து கும்பிட்டாள். தன் ஊர் தாராபுரம் என்றாள், பேச்சிலும் அது தெரிந்தது.

இந்தப் பலகாரத்தைத் தன் பிறவியில் சாப்பிட்டதில்லை என்றாள் கோகிலவாணி. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, முந்திரி வாசமும் வாயில் வைத்ததும் கரையும் இனிப்புமாக நாக்கு ஊறுமாம். தூத்துக்குடித் தோழி ஒருத்தியிடம் விசாரித்தபோதுதான் இதன் பெயர் மக்ரூன் என்று தெரிந்ததாம். செல்சியாவுக்குப் புரியவில்லை. மதியப் பசியில் பால்கனியில் உட்கார்ந்து மக்ரூனை நினைத்துக்கொள்வது அவள் வழக்கம்தான். அது எப்படி இவளுக்குப் போனது?

"மக்ரூன் மட்டும் இல்லீங்க" என்றாள் கோகிலவாணி. "எனக்குக் கடல்னாலே பயம். எங்கூரு அமராவதி ஆத்துலகூட முட்டிக்கு மேல எறங்க மாட்டேன். மார்க்கு வந்துச்சு, அப்பா சேத்துட்டாரு. ஆனா கிளாஸ்ல போயி உக்காந்தாப் போதும், தொண்டையக் கவ்வுதுங்க. வாத்தியாரு வாயத் தெறக்கறதுக்கு முந்தியே கேக்கோணும் கேக்கோணும்னு தவிக்குது. லீவு நாள்ல அது வர்றதில்ல. அப்பத்தான் தெரிஞ்சுது, அது என்னோடது இல்லைன்னு."

மீதியை அவள் மெதுவாகச் சொன்னாள். மூத்த மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானாம் அது. ஆரம்ப காலத்தில் கல்லூரி நல்ல மூளைகளாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தது. வருடம் திரும்புவதற்குள் அத்தனை பேரும் மந்தமாகிவிட்டார்கள். கிடைத்துவிட்ட ஒன்றுக்கு யார்தான் தவிப்பார்கள்? பாடம் சொல்லித்தர எத்தனையோ கருவி செய்தாகிவிட்டது. ஏங்க வைக்க ஒரு கருவி செய்ய யாருக்கும் கைவரவில்லை. அதனால் அதை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஒட்டி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பாடம் வெளியே போகிறது, ஏக்கம் உள்ளே வருகிறது. நேர்முகத்தில் அவர்கள் அறிவை அளப்பதில்லை. அதற்குத்தான் மதிப்பெண் இருக்கிறதே.

"உங்களுக்கு மார்க்கு கொறையலீங்க" என்றாள் கோகிலவாணி, தலையைக் குனிந்துகொண்டு. "ஆசை கூடிப்போச்சு. அதனாலதான் வெளிய வெச்சுட்டாங்க."

செல்சியாவுக்கு அந்த அம்மையாரும் கைக்குட்டையும் ஞாபகம் வந்தன. கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அதையும் எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

ஒட்டியைக் கழற்றிவிட வேண்டாம் என்று கோகிலவாணி கெஞ்சினாள். நீங்கள் இல்லாவிட்டால் நான் தேறமாட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, "ஒண்ண நெனச்சு இப்படி ஏங்கறதுன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க. நல்லாருக்குது" என்றாள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அம்மா சுடுகிற கச்சாயம் கொண்டுவருவதாகச் சொன்னாள். அது என்ன என்று செல்சியா கேட்டாள். அரிசியையும் வெல்லத்தையும் ஆட்டி எண்ணெயில் ஊற்றிச் சுடுவது, ஏலக்காய் மணக்கும், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும் என்று கோகிலவாணி ஆசையாக விளக்கினாள். இவள் தேறாவிட்டால் அந்த இடம் யாருக்கு என்பது இருவருக்கும் தெரியும். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை வந்தது, போனது. செல்சியா அரசுக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. செல்சியா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தான் ஏங்கினால்தானே கோகிலவாணி தேறுவாள்? ஏங்காவிட்டால்?

ஆனால் ஆசைப்படுவதை நிறுத்துவது என்ன விளையாட்டா? முதல் சில நாட்கள் வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல வேண்டும் என்று இன்னும் மூண்டது. கூத்து என்னவென்றால், அந்த வாரத் தேர்வில் கோகிலவாணிதான் வகுப்பிலேயே முதல். செல்சியா வழியை மாற்றினாள். குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். பேராசிரியர் மூச்சுக்கு மூச்சு 'அதாவது' சொல்கிறார். கண்ணாடிக் கூரையில் பாசி பிடித்திருக்கிறது. திருக்கை தினமும்தான் வருகிறது, அதில் என்ன அதிசயம்? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாடம் கேட்டாள். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள், அவரைக்காய் நறுக்கினாள். ஒருநாள் வகுப்பின் நடுவில் அவளுக்குக் கொட்டாவி வந்தது. உண்மையான கொட்டாவி.

நோட்டின் ஓரத்தில் எழுத்து வந்தது. 'இருக்கீங்களா?'

செல்சியா வேறு பக்கம் பார்த்தாள்.

இன்னொரு நாள், 'ஏதாச்சும் கோவமுங்களா?' என்று வந்தது. பேராசிரியர் கேள்வி கேட்டு, கோகிலவாணி எழுந்து நின்று, வாயைத் திறக்காமலே நின்ற நாளும் வந்தது. அந்த மௌனம் செல்சியாவின் தொண்டைக்குள்ளேயே இருந்தது. பாவம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அவரைக்காயை நறுக்கி முடித்தாள்.

மழைக்காலம் தொடங்கும்போது அழைப்பு வந்தது.

ரோஸ்லின் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே திரண்டு வந்து வாழ்த்தியது. ஆழூர்தி நீருக்குள் இறங்கும் நேரம் பார்த்து, அப்பா பளுதூக்கியின் உச்சியிலிருந்து அதன் சங்கை விடாமல் அலறவைத்தார். இத்தனை நாள் எந்தக் காட்சிக்காகச் செத்துப் பிழைத்தாளோ அந்தக் காட்சிக்கு உள்ளேயே செல்சியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஊர்திக்குள் குளிருகிறது என்று மட்டும் தோன்றியது.

"செல்சியா" என்றார் பேராசிரியர். "உள்ளேன் ஐயா" என்றாள். அடிவயிறு சும்மா கிடந்தது. திருக்கை வந்தது, போனது. பாடம் காதில் விழுந்தது, மனசில் ஒட்டவில்லை. எந்த ஆசையைக் கொன்று இங்கே வந்தாளோ, அதை இப்போது தேடினாள். பவளத்தைப் பார்த்தாள், நட்சத்திர மீனைப் பார்த்தாள், அப்பாவின் மடியை நினைத்துப் பார்த்தாள். எதுவும் உயிர்க்கவில்லை. முதல் தேர்வில் மட்டமான மதிப்பெண் வாங்கினாள். விடுதிக் காப்பாளர் அவளைத் தட்டிக்கொடுத்தார். உனக்கு இன்னும் இணை அமையவில்லை, அதனால்தான் என்றார். ஒரு நல்ல ஆள் கிடைத்திருக்கிறது, இங்கே இருந்து இடத்தை இழந்து போனவர், அப்படிப்பட்டவர்கள் விண்ணப்பித்தால் கல்லூரி முதலிடம் கொடுக்கும், அவர்கள் அளவுக்கு யாரும் ஏங்க முடியாது என்று விளக்கினார். பெயரைச் சொல்ல விதி இடம் கொடுக்காதாம்.

மறுநாள் புது ஒட்டியோடு செல்சியா வகுப்பில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. அடித்ததும் தொண்டையை எதுவோ கவ்விப் பிடித்தது. கண் தானாகக் கூரைக்குப் போனது. அங்கே திருக்கை நீந்திக்கொண்டிருந்தது. ஐயோ, எவ்வளவு அழகு! இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு நாக்கில் ஒரு ருசி ஊறியது. அவள் பிறவியில் சாப்பிட்டிராத ருசி. வெல்லமும் ஏலக்காயும், எண்ணெயில் கொஞ்சம் அதிகமாகச் சிவந்துவிட்ட ஓரமும்.

செல்சியா உடனே பேனாவை எடுத்தாள். நோட்டின் ஓரத்தில் 'கோகிலா, இருக்கீங்களா?' என்று எழுதினாள். பதில் எழுத்தாக வர வழியில்லை. தொண்டையில் இருந்தது இன்னும் இறுகியது, அவ்வளவுதான். தாராபுரத்தில் ஏதோ ஒரு வீட்டில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். கடலுக்குப் பயந்தவள். ஏக்கமே அறியாதவள். இப்போது அவளுடையது முழுக்க முழுக்க அவளுடைய சொந்த ஏக்கம்.

ஒட்டியைக் கழற்றி எறிந்துவிடச் சொல்ல வேண்டும். அங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்து நிம்மதியாக இருக்கச் சொல்ல வேண்டும். இரண்டு வரிதான், எழுதினால் அவள் உடனே படித்துவிடுவாள். செல்சியா பேனாவை நோட்டில் ஊன்றினாள்.

பேராசிரியர் கரும்பலகைப் பக்கமிருந்து திரும்பினார். "அதாவது..." என்று தொடங்கினார்.

அடுத்து அவர் என்ன சொல்லப் போகிறார் என்று செல்சியாவுக்கு உயிர் தவித்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, பாடத்தைக் கவனிக்கத் தொடங்கினாள்.