அடுத்த வாசலில் ஒரு சாண்

காலை ஆறு மணிக்கு எழினியின் கைகள் அவளைக் கேட்காமலே துடைப்பத்தை எடுத்தன. வாசலைக் கூட்டின, பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஒரு சாண் மட்டும் நுழைந்து கூட்டிவிட்டு நின்றுகொண்டன. கியோட்டோவில் அதுதான் அளவு. குறைந்தால் கருமித்தனம், கூடினால் பக்கத்து வீட்டுக்காரரை நன்றிக்கடனில் மாட்டிவிடுவது. சங்கரன்கோவில் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவள் பிடரியில் ஒட்டியிருந்த பழக்கப்பட்டைக்குத் தெரியும். உள்ளூர்க்காரர் ஒருவரின் உடற்பழக்கங்களைப் பதிந்து அயலூரார் உடம்பில் ஓட்டும் விரல்நீளப் பட்டை அது. சேர்ந்த அன்றே பல்கலைக்கழகம் ஒட்டி அனுப்பியது.

மூன்று மாதமாக ஒரு பிழையும் இல்லை. இன்று வீட்டுக்காரம்மா நிஷிமுரா அவளுக்குப் பொறுப்பேற்கும் கடிதத்தில் முத்திரை குத்தவேண்டும். குத்தாவிட்டால் கோயில் மரவேலைப் படிப்பில் இடம் போய்விடும்; ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் எழினிக்கு அந்த அம்மாளைப் புரியவே இல்லை. கியோட்டோக்காரர்கள் ஒதுங்கித்தான் பழகுவார்கள் என்றது பல்கலைக்கழகம் தந்த கையேடு. இவரோ கதவைத் தட்டாமல் அறைக்குள் வருகிறார். போதும் போதும் என்றாலும் மூன்றாவது கரண்டி சோறு வைக்கிறார். எதிர்வீட்டுக்காரரிடம் இவள் மதிப்பெண்ணை உரக்கச் சொல்கிறார். கோபமா, சோதனையா? எழினி தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

கூட்டி முடித்து உள்ளே வந்தவளிடம் நிஷிமுரா கடிதத்தைத் தள்ளிவைத்தார். அவர் பேச்சை அவள் காதிலிருந்த மொழிமாற்றி நெல்லைத் தமிழாக்கியது.

"ஏட்டி, நான் முத்திரை குத்த மாட்டேன்."

எழினிக்கு ஏனென்று கத்தவேண்டும் போலிருந்தது. உடம்போ அழகாக முப்பது பாகை குனிந்தது. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

"ஒரு தப்புமே செய்யலையே! தமிழ்நாட்டுப் பிள்ளைதான் வேணும்னு எழுதிக் கேட்டேன். வந்தவ என் நாத்தனா மாதிரியே தொடப்பத்தப் பிடிக்கா, அவள மாதிரியே வாயப் பொத்திச் சிரிக்கா. அவகூட நான் பேசியே முப்பது வருசமாச்சு! ஒனக்கு ஊரு ஏக்கம் வரக்கூடாதுன்னு நான் பட்ட பாட்டப் பாரு."

நரைமுடியை விலக்கிக் காட்டினார். பிடரியில் ஒரு பழக்கப்பட்டை. 'திருநெல்வேலி, இல்லத்தரசி' என்று பொடியெழுத்தில் இருந்தது.

எழினி தன் பட்டையைப் பிய்த்து மேசையில் வைத்தாள். அவரும் வைத்தார். கையைக் காலை எங்கே வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நிஷிமுரா முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினார். எழினிக்கு உயிர் வந்தது.

"சரி, ஒனக்கு எப்பம் கல்யாணம்?"

எழினி மேசையைப் பார்த்தாள். இரண்டு பட்டைகளும் அங்கேயேதான் கிடந்தன. "அம்மா, நீங்கதான் கழட்டிட்டீங்களே!"

"கழட்டியாச்சு. ஆனா இந்தத் தெருவுல ஒவ்வொருத்தர்கிட்டயும் இப்படிக் கேக்கணும்னு ஆசப்பட்டும் ஆயுசு பூரா வாய அடக்கிட்டுல்லா இருந்தேன்! இனி முடியாது. சொல்லுட்டி."

எழினிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கை அந்த வாயைப் பொத்தியது, வாய் சிரித்தது. இடுப்பு முப்பது பாகை குனிந்தது.